அருந்ததியின் இனிஷியல்

நம் வீட்டுக் கல்யாணங்களில் அருந்ததி பார்க்காத பெண் யார்? வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது. ஹோமப் புகையில் கண் கரிக்கிறது. சாஸ்திரிகள் கை காட்டிய திசையில் மணப்பெண் அண்ணாந்து பார்க்கிறாள்.

"தெரிகிறதா, அம்மா?"

"தெரிகிறது, மாமா."

பந்தல் துணியைத் தவிர வேறொன்றும் தெரிந்திராது. ஆனாலும் தெரிகிறது என்று சொல்லிவிட்டால்தானே அடுத்த சடங்கு நடக்கும்!

நிஜமான அருந்ததியைப் பார்க்கச் சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் போன்ற பகுதியில் மூன்று நட்சத்திரங்கள். நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அதுதான் அருந்ததி. வான நூலார் அவளுக்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது எச்.டி. 116842.

இலக்கம் கிடக்கட்டும். அருந்ததிக்கு 'எச்.டி.' என்று இனிஷியல் போட்டது யார்? அதில்தான் ஒரு தம்பதியின் கதை இருக்கிறது.

எச்.டி. என்றால் ஹென்றி டிரேப்பர். நியூயார்க்கில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, கல்லூரியில் போதித்து வந்தவர். வானத்தைப் போட்டோ பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. பரம்பரைப் பித்து என்றும் சொல்லலாம். அவருடைய தகப்பனார் 1840-லேயே சந்திரனைப் படம் பிடித்தவர்! ஹட்ஸன் நதிக்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் குடும்பத்துக்கு ஒரு தோட்டம் இருந்தது. அங்கே ஹென்றி தம் கையாலேயே கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப் செய்தார். 1863-ல் சந்திரனை மட்டும் சுமார் 1,500 படங்கள் எடுத்துத் தள்ளினார்.

1867-ல் அவர் அன்னா பால்மர் என்ற பெண்ணை மணந்தார். செல்வந்தர் வீட்டுப் பெண். புது மணமக்கள் எங்கே உல்லாசப் பயணம் போனார்கள் தெரியுமா? 28 அங்குல டெலஸ்கோப் ஒன்றுக்குக் கண்ணாடி வாங்கக் கடைக்குப் போனார்கள்! வேறொரு பெண்ணாயிருந்தால் அன்றே பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பாள். அன்னாவோ கணவரின் பித்தைத் தாமும் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்துப் போட்டோ வேலை லேசானதல்ல. கண்ணாடித் தகட்டில் ரஸாயனப் பசையைப் பூச வேண்டும். ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவியும் ஆக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் தாமதித்தால் தகடு வீண். தோசை மாவைக் கல்லில் ஊற்றிவிட்டு வாசலில் வம்பு பேச முடியுமா? அதே கதைதான். தகடுகளுக்குப் பசை பூசும் வேலை அன்னாவுடையது. அவர் இல்லாமல் டிரேப்பர் வான் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போவதில்லை என்று அவர்களை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு நட்சத்திரத்தின் ஒளியை வானவில்லாகப் பிரித்து, அதில் தெரியும் கறுப்புக் கோடுகளை முதன்முதலில் படம் பிடித்தவர்கள் இவர்களே. வருஷம் 1872, நட்சத்திரம் அபிஜித்.

பிறகு உலர்ந்த தகடுகள் வந்தன. இப்போது தகட்டை வெகு நேரம் வானத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கலாம். இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. நம் கண் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்தந்தக் கணத்து வெளிச்சந்தான் தெரியும். தகடோ உண்டியலைப் போல, துளித் துளியாக விழும் ஒளியையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே கண்ணுக்குத் தெரியாததும் படத்தில் விழும். ஒரே ஒரு சங்கடம்: பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. டெலஸ்கோப்பும் கடிகார யந்திரத்தின் உதவியால் கூடவே நகர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் புள்ளி கோடாகிவிடும்.

1880 செப்டம்பர் 30 அன்று இரவு, 51 நிமிஷம் பொறுத்திருந்து டிரேப்பர் ஒரு படம் எடுத்தார். திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் அதே மண்டலத்தில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மேகம்போல் மங்கித் தெரியும் ஒளிப்படலம் அது. அத்தகைய வான மேகத்தை மனிதன் படம் பிடித்தது அதுவே முதல் தடவை. 1882 மார்ச்சில் அதையே 137 நிமிஷம் காத்திருந்து இன்னும் தெளிவாக எடுத்தார்.

அந்த வருஷ முடிவை அவர் பார்க்கவில்லை. மலைப் பிரதேசத்துக்கு வேட்டைக்குச் சென்றபோது பனிப்புயலில் அகப்பட்டு, உடம்பு நலிந்து திரும்பினார். நவம்பர் 20-ஆம் தேதி காலமானார். வயது 45. குழந்தைகள் கிடையாது. 43 வயது அன்னாவுக்கு மிஞ்சியவை டெலஸ்கோப்புகளும், பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகளுந்தான்.

கணவரின் வேலையைத் தாமே தொடர வேண்டுமென்று அன்னா ஆசைப்பட்டார். தனியாக முடியவில்லை. ஆனால் கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. 1886-ல் ஹார்வர்டு வான் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கணவரின் டெலஸ்கோப்பை அனுப்பினார். நட்சத்திரங்களையெல்லாம் ஒளிக்கோடுகளைக் கொண்டு தரம் பிரிக்க வேண்டும் என்று சொல்லிப் பணமும் அளித்து வந்தார்.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? பெண்களே! கணவனால் கைவிடப்பட்டு, ஹார்வர்டு நிலையத் தலைவரின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்த வில்லியமினா பிளெமிங், 10,351 நட்சத்திரங்களுக்கு ஜாபிதா தயாரித்தார். அது 1890-ல் வெளிவந்தது. அவருக்குப் பின் ஆனி ஜம்ப் கானன் வந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. கண்ணோ நட்சத்திரக் கோடுகளைக் கண்ட மாத்திரத்தில் இனம் கண்டுவிடும். 1918 முதல் 1924 வரை ஒன்பது பாகங்களாக வெளியான அவருடைய அட்டவணையில் 2,25,300 நட்சத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எச்.டி. என்ற எழுத்துக்கள். அதைப் பார்க்க அன்னா இல்லை, 1914-லேயே காலமாகிவிட்டார்.

இன்று நாம் ரஸாயனப் பசை பூச வேண்டியதில்லை. கைப்பையில் இருக்கும் செல்போனே போதும். நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். தெரு விளக்கு கண்ணில் படாத மூலையில் போனை முக்காலியிலோ, அடுக்கிய புத்தகங்களின் மேலோ அசையாமல் சாய்த்து வையுங்கள். கைபட்டால் படம் ஆடிவிடும். ஆகையால் சில விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி வைத்து, பத்து விநாடி திறந்திருக்கும்படி முடுக்குங்கள். முதல் படம் கறுப்பாக இருக்கும். இரண்டாவது கலங்கலாக இருக்கும். 1,500 படம் எடுத்தவரை நினைத்துக்கொள்ளுங்கள்!

மார்கழி, தை இரவுகளில் திருவாதிரை மண்டலத்தை எடுக்கலாம். சித்திரையில் வசிஷ்டரையும் அருந்ததியையும் எடுக்கலாம். படத்தில் அந்தச் சின்னப் புள்ளி விழுந்தால் கணவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கல்யாணத்தன்று இருவருமாகச் சொன்ன பொய் அன்றைக்கு மெய்யாகிவிடும்.