பொய்ச் சண்டையா, மெய்ச் சண்டையா?

எங்கள் வகுப்பில் தம்பி உள்ளவர்கள் பலர். அவர்களுள் ஒருத்தியின் தம்பி சென்ற கோடை விடுமுறையில் கட்டிலின் மேலேறி நின்று, கைகளை விரித்து, தரையில் கிடந்த தலையணையின் மீது குதித்தான். தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் முழங்கைதான் பிசகியது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனை அம்மா கடிந்துகொண்டபோது, "டி.வி.யில குதிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா!" என்றானாம். பாட்டியோ, "அதெல்லாம் பொய்ச் சண்டைடா கண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இதை அவள் வகுப்பில் சொல்லப் போக, எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே மூண்டுவிட்டது. பொய்ச் சண்டை என்றால் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார்களே, அது எப்படி? மெய்ச் சண்டை என்றால் அடுத்த வாரமும் எழுந்து வருகிறார்களே, அது எப்படி? அந்தத் தம்பியின் கை இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தபடியால், நாங்களே விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அவன் பார்ப்பது அமெரிக்காவின் 'ரா' என்னும் வாராந்தர மல்யுத்த நிகழ்ச்சி. 1993 ஜனவரி 11, திங்கட்கிழமை இரவு, நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் சென்டரில் இது தொடங்கிற்று. அந்தக் கட்டடம் 1906இல் இசை நாடகங்களுக்காகக் கட்டப்பட்டது என்பது எங்களுக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. முதலில் ஒரு மணி நேரமாக இருந்த நிகழ்ச்சி 1997இல் இரண்டாகி, 2012இல் மூன்று மணி நேரமாக வளர்ந்தது. 2025 ஜனவரி முதல் நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. அங்கே திங்கள் இரவு என்றால் நமக்குச் செவ்வாய் விடியற்காலை. இதை நடத்தும் நிறுவனம் அந்நாளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். எனப்பட்டது, 2002 முதல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆயிற்று.

முதலில் பாட்டியின் கட்சி. யார் வெல்வது, யார் தோற்பது என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்படுகிறது. இதற்கெனக் கதை எழுதுவோர் இருக்கிறார்கள். நல்லவராக வருபவர் 'பேபிஃபேஸ்', கெட்டவராக வருபவர் 'ஹீல்'. இது நாடகம் என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அவர்களிடையே 'கேஃபேப்' என்று ஒரு சொல் உண்டு. மேடையில் பகைவராயிருப்போர் வெளியிலும் சேர்ந்து உலவக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. 1987இல் அயர்ன் ஷேக், ஜிம் டக்கன் என்ற இரு 'பகைவர்கள்' நியூஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரே காரில் போனபோது காவலர்களிடம் பிடிபட்டார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்ததும், இவர்கள் எப்படி ஒன்றாகப் போனார்கள் என்பதே பெரிய சங்கடமாகப் போயிற்று! 1989இல் அதே நியூஜெர்சியின் சட்டசபையில், தாங்கள் நடத்துவது போட்டியல்ல, கேளிக்கையே என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. விளையாட்டுகளை மேற்பார்க்கும் ஆணையத்தின் பிடியிலிருந்து தப்புவதற்காகத்தான் இந்த உண்மை வெளிவந்தது என்பது வேடிக்கை.

இனி, தம்பியின் கட்சி. சண்டை நடக்கும் மேடை மெத்தையல்ல. எஃகுச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய நுரை, எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். அதில் விழுவதற்கே தனிப் பயிற்சி உண்டு. மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுந்து, கைகளையும் தரையில் அறைய வேண்டும். அப்போது அடி ஓரிடத்தில் குவியாமல் பரவும். தலை தரையில் மோதாது. ஒருவர் மற்றவரைத் தூக்கி எறிவதாக நாம் காண்கிறோமே, அங்கே தூக்கப்படுபவர் தாமும் எம்பிக் கொடுக்கிறார். தூக்குபவரின் முதல் கடமை அவர் கழுத்தைக் காப்பது. குத்து விழும்போது கேட்கும் சத்தம் பல சமயம் காலால் மேடையை உதைப்பதால் வருவது. ஆனால் மார்பில் விழும் அறை மெய்யான அறை. சிவந்து தடித்துப் போவதை நாமே பார்க்கலாம். யாருக்கேனும் உண்மையிலேயே அடிபட்டுவிட்டால் நடுவர் தம் கைகளைத் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் வைத்து உள்ளே இருப்பவர்களுக்குச் சைகை காட்டுகிறார். அப்படி ஒரு சைகை தேவைப்படுகிறது என்பதே தம்பிக்குப் பதில்.

முடிவு தெரிந்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று எங்களில் சிலர் கேட்டோம். 1999 ஜனவரி 4 அன்று இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அதே இரவில், அதே நேரத்தில் 'நைட்ரோ' என்ற போட்டி நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. அன்றைய 'ரா'வோ முன்பே படம்பிடிக்கப்பட்டது. ஆகவே நைட்ரோவின் வர்ணனையாளர், அங்கே மிக் ஃபோலி பட்டம் வெல்லப் போகிறார் என்று ஏளனமாகச் சொல்லி முடிவை உடைத்துவிட்டார். என்ன நடந்தது தெரியுமா? இலட்சக்கணக்கானோர் உடனே 'ரா'வுக்குத் திருப்பினார்கள். ஃபோலி பல ஆண்டுகள் உடம்பெல்லாம் அடிபட்டு உழைத்தவர். அவர் வெல்வதைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. நம் ஊர்த் தெருக்கூத்தில் துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்பது தெரியாதவர் யார்? தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஆனால் நாடகமும் மெய்யும் இப்படிக் கலந்து கிடப்பதில் ஓர் ஆபத்து உண்டு. 1999 மே 23 அன்று, ஞாயிற்றுக்கிழமை, இதே நிறுவனம் கான்சாஸ் நகரில் நடத்திய வேறொரு நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் என்பவர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவதாக ஏற்பாடு. கோமாளி வேடம், சிரிக்க வைப்பதற்காகவே செய்த ஏற்பாடு. கொக்கி விடுபட்டுக் கீழே விழுந்து இறந்தார். வயது 34. இது கதையல்ல, உண்மை என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சி பார்ப்போருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் உண்மை போலவே சொல்லிப் பழகிய குரலை அன்று யார் உடனே நம்பியிருப்பார்கள்? நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். இதை எங்களால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. மறுநாள் திங்கட்கிழமை 'ரா'வில் கதை எதுவும் இல்லை. மேடையில் அவருக்குப் பகைவராக வந்தவர்களும் வேடத்தைக் களைந்து, அழுதுகொண்டே அவரைப் பற்றிப் பேசினார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் வகுப்பு எங்களை மன்னிக்காது. பல ஆண்டுகள் பெண்களின் சண்டை என்பது இடைவேளை போலத்தான் இருந்தது. 2015 பிப்ரவரி 23 அன்று 'ரா'வில் நான்கு பெண்கள் கலந்துகொண்ட ஆட்டம் ஏறக்குறைய முப்பதே வினாடிகளில் முடிந்துவிட்டது. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் முப்பது வினாடி! பார்ப்போர் கொதித்தெழுந்து, பெண்களுக்கு வாய்ப்பளியுங்கள் என்று நாட்கணக்கில் எழுதினார்கள். மெல்ல நிலைமை மாறியது. 2018 நவம்பர் 12 அன்று அயர்லாந்துப் பெண்ணான பெக்கி லிஞ்ச் 'ரா'வில் சண்டையிடும்போது, எதிராளியின் குத்து ஒன்று தவறுதலாக மெய்யாகவே முகத்தில் விழுந்து மூக்கு உடைந்தது. முகமெல்லாம் இரத்தத்தோடு ரசிகர் கூட்டத்தின் நடுவில் அவர் நிமிர்ந்து நின்ற காட்சியை எந்தக் கதாசிரியரும் எழுதவில்லை. அடுத்த வாரம் அவருக்கென எழுதியிருந்த ஆட்டத்தில் மருத்துவர்கள் அவரை இறங்க விடவில்லை, வேறொருவர் இறங்கினார்.

ஐந்து மாதங்கள் கழித்து, 2019 ஏப்ரல் 7 அன்று, அதே நியூஜெர்சியில் நடந்த 'ரெசில்மேனியா' என்னும் ஆண்டு விழாவில், அதன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பெண்கள் இறுதி ஆட்டம் ஆடினார்கள். ரோண்டா ரவுசி, ஷார்லட் ஃபிளேர், பெக்கி லிஞ்ச் மூவரும் மோதியதில் பெக்கி வென்றார். அவர் வெல்வார் என்பது எழுதியிருந்தது. ஆனால் நடுவர் மூன்று எண்ணும்போது ரோண்டாவின் தோள் தரையிலிருந்து எழும்பியிருந்ததாகப் படத்தில் தெரிகிறது. அது எழுதியதா, தவறியதா என்று எங்கள் வகுப்பில் இன்னும் இரண்டு கட்சி. கட்டு அவிழ்த்த கையோடு அந்தத் தம்பியும் அக்காவிடம் இதையே வாதாடிக்கொண்டிருக்கிறானாம். தலையணை மட்டும் இப்போது கட்டிலின் மேலேயே இருக்கிறது.