மாலைக்குள் விரியும் மல்லி: கீரமங்கலம் பூ ஏன் குப்பைக்குப் போகிறது?

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பூ மார்க்கெட் இரண்டு காரணங்களுக்காகச் செய்தியில் வரும். முகூர்த்த நாள் வந்தால் மல்லி விலை எகிறும். வரத்து கூடினால் வாங்க ஆளில்லாமல் பூவைக் குப்பையில் கொட்டுவார்கள். தேங்காய்க்கு விலை இல்லையா, சில நாள் போட்டு வைக்கலாம். பூவை அப்படி வைக்க முடியாது. ஏன்?

பறித்த பிறகும் பூ உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது, நீரை இழக்கிறது. ரோஜா, ஜெர்பராவுக்காவது தண்டு இருக்கு. ஜாடியில் வைத்தால் தண்ணீர் குடிக்கும். மல்லி, முல்லை, காக்கரட்டான் எல்லாம் உதிரிப்பூ. குடிக்க வழியே இல்லை. அதிலும் மல்லி மொட்டு, பறித்த அன்று மாலையே விரிய ஆரம்பித்துவிடும். விரிந்தால் விலை போச்சு.

மூட்டையில் அமுக்கிக் கட்டினால் இன்னும் மோசம். பூ விடும் மூச்சின் சூடு உள்ளேயே தங்கி, பூ வெந்துபோகும். மதுரை மல்லி ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் விமானம் ஏறுவது இதனால்தான். குளிர்ச்சியில் மூச்சு குறையும், விரிவதும் தள்ளிப்போகும்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். சரத்தை வாழை இலையிலோ ஈரத்துணியிலோ சுற்றி, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளித்தால் இதழ் பழுத்து அழுகும். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்திலும் வைக்காதீங்க; அவை விடும் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாட வைக்கும்.

பொக்கே வந்தால்? தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, உடனே தண்ணீரில் விடணும். தாமதித்தால் தண்டுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். நீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் பாக்டீரியா பெருகி, அதே குழாய் மறுபடி அடைபடும். சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. கூடவே எலுமிச்சைச் சாறும் ஓரிரு சொட்டு பிளீச்சும் வேண்டும். ஆஸ்பிரின் டிப்ஸை விட, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது மேல்.

ஆனால் டன் கணக்கில் வரும் பூவுக்கு ஃப்ரிட்ஜ் தீர்வில்லை. குளிர்பதனக் கிடங்கு இருந்தாலும் மல்லிக்குச் சில நாள் அவகாசம்தான் கிடைக்கும். கீரமங்கலம் வட்டார விவசாயிகள் நெடுநாளாகக் கேட்பது சென்ட் ஃபேக்டரி. அதில் ஒரு விசேஷம் உண்டு. மல்லி மணம் விடுவதே விரியும்போதுதான். அதனால் ஃபேக்டரியில் மொட்டை இரவில் விரியவிட்டு, பிறகுதான் கரைப்பானில் மணத்தைப் பிரிப்பார்கள். மார்க்கெட் வேண்டாம் என்று தள்ளும் பூதான் அங்கே சரக்கு. முகூர்த்த நாள் விலையெல்லாம் அங்கே கிடைக்காது. ஆனால் குப்பையில் கொட்டினால் பறிப்புக் கூலியும் கைநஷ்டம்.