தோற்றவள் ஏன் உட்கார வேண்டும்?

நம் ஊர்ப் பெண்களுக்கு விளையாட்டு எந்த வயதில் நின்று போகிறது? உங்களையே கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. பாண்டி ஆடியது ஞாபகம் இருக்கும். கயிறு தாண்டியது ஞாபகம் இருக்கும். ஆறாம் வகுப்பு வரையில் பையன்களுக்குச் சமமாகத் தெருவை அமர்க்களப்படுத்தியதுகூட ஞாபகம் இருக்கும். அப்புறம்? "இனிமேல் விளையாடக் கூடாது" என்று வீட்டில் யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். தாவணி வந்தது, டியூஷன் வந்தது, பெரிய பரீட்சை வந்தது. விளையாட்டு சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது.

இந்தக் காலத்துப் பெண் குழந்தைகள் கதையும் ஏறக்குறைய அதுதான். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 146 நாடுகளின் கணக்கைத் திரட்டி 2019-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில், 2016-ம் ஆண்டு நிலவரப்படி, நூற்றுக்கு 81 பேருக்குப் போதுமான உடலசைவு இல்லையாம். பையன்களில் 78 பேர். பெண்களில் 85 பேர். "போதுமான" என்றால் மலை ஏறச் சொல்லவில்லை. நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷம், சற்று மூச்சு வாங்கும்படியாக ஓடியாட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 60 நிமிஷத்தில் ஒரு பங்கையாவது பள்ளிக்கூடத்திலேயே சம்பாதித்துக் கொடுக்கக்கூடிய ஆட்டம் ஒன்று உண்டு. அது ஷட்டில்.

"பாட்மிண்டன் என்று சொல்லேன்" என்பீர்கள். சொல்லலாம், ஆனால் தமிழ்நாட்டில் ஒரு சங்கடம். நம் பாட்டனார்களிடம் பாட்மிண்டன் என்றால் மஞ்சள் கம்பளி நூல் பந்தை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுகிற ஆட்டம்தான் ஞாபகம் வரும். பூப்பந்து என்று இப்போது அழைக்கிறோமே, அது. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்று பெருமையாகச் சொல்வார்கள். இறகு வைத்ததற்கு இங்கே பெயர் ஷட்டில். சீமையில் ஒரு பிரபுவின் மாளிகைக்குப் பாட்மிண்டன் என்று பெயர். அந்தப் பெயர்தான் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் இதைப் புனாவிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆகையால் ஏதோ அந்நியச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

பதின்மூன்று, பதினாலு வயதுப் பெண்ணுக்கு இது ஏன் பொருத்தம்? யாரும் யார்மேலும் வந்து மோதுவதில்லை. நடுவே வலை இருக்கிறது. இடமும் கொஞ்சம்தான். நாலு பேர் ஆடும் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். எல்லாவற்றையும்விடப் பெரிய சௌகரியம், அந்த இறகுதான். 2023-ல் நம் ஆந்திரத்துப் பிள்ளை சாத்விக் சாய்ராஜ் அடித்த ஓர் அடி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம்; மலேசியாவின் பேர்லி டான் என்ற பெண் அடித்தது 438. கேட்டாலே தலை சுற்றுகிறது அல்லவா? ஆனால் மட்டையை விட்டுக் கிளம்பிய அடுத்த கணமே காற்று இறகைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைத்துவிடுகிறது. டென்னிஸ் பந்து மாதிரி துள்ளித் தப்பித்து ஓடுவதும் இல்லை. புதிதாக ஆடுகிறவளுக்கு "ஐயோ, வருகிறதே" என்று நினைப்பதற்கும், கையைத் தூக்குவதற்கும் அவகாசம் கிடைக்கிறது. முதல் நாளே நாலு அடி சேர்ந்தாற்போல் அடித்துவிட்டுச் சிரிக்கக்கூடிய ஆட்டங்கள் அதிகம் இல்லை.

ஜயித்தவர் நிற்க, தோற்றவர் வெளியே!

பட்டணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் வலையும் மட்டையும் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் வகுப்பு நடக்கும் விதத்தைப் பாருங்கள். நாற்பது பேர், நாற்பது நிமிஷம், கோர்ட் ஒன்று. நாலு பேர் ஆட, மீதி 36 பேர் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஜயித்த ஜோடி நிற்கலாம், தோற்ற ஜோடி வெளியே போக வேண்டும் என்பது வழக்கமான சட்டம். ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் மணி அடிப்பதற்குள் நாலு ஆட்டம். முதலில் நாலு பேர், பிறகு ஆட்டத்துக்கு இருவர் வீதம். ஆக மொத்தம் பத்துப் பேர்தான் மட்டையைத் தொட்டிருப்பார்கள். முப்பது பேருக்கு அன்றைய தேகப் பயிற்சி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததுதான்.

அந்தப் பத்துப் பேரிலும் யார் அதிக நேரம் ஆடுகிறாள்? அண்ணனோடு மொட்டை மாடியில் ஏற்கெனவே ஆடிப் பழகியவள். அன்றைக்குத்தான் முதன்முதலாக மட்டையைப் பிடித்தவளுக்கு நாலு அடி வலையில் விழுந்ததும் கதை முடிந்தது. கற்றுக்கொள்ள வேண்டியவள் உட்காருகிறாள், கற்றவள் ஆடுகிறாள்! கணக்கு வகுப்பில் இப்படி நடந்தால் நாம் சும்மா இருப்போமா? "வகுத்தல் தெரியாதவர்கள் எல்லாரும் நோட்டை மூடிவிட்டு ஓரமாக உட்காருங்கள், தெரிந்தவர்கள் மட்டும் போடுங்கள்" என்று ஒரு டீச்சர் சொன்னால் மறுநாள் காலையில் அத்தனை தாயாரும் ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் நிற்க மாட்டோமா?

உட்கார்ந்த பெண் சும்மா உட்காரவில்லை. "எனக்கு விளையாட்டெல்லாம் வராது" என்ற பாடத்தை நன்றாகப் படிக்கிறாள். அந்தப் பாடம் மட்டும் மறப்பதே இல்லை. நாற்பது வயதில் டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "ஏதாவது விளையாடுங்களேன் அம்மா" என்கிறபோதும் அதே வாக்கியத்தைத்தான் ஒப்பிக்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்காகப் பந்தயம் ஆடி, கோப்பை வாங்கி வரும் பெண்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தனியாகக் காலையில் பயிற்சி கொடுக்கட்டும். அது வேறு வேலை. கால அட்டவணையில் எல்லாருக்கும் என்று போட்ட பீரியட், எல்லாருக்குமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஒரு துணிக் கயிறு போதும்

நாற்பது பேரையும் ஒரே சமயத்தில் ஆட வைக்க முடியுமா? முடியும். மைதானத்தின் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள். துணி காயப்போடும் கொடிக் கயிறே போதும். உயரம் ஐந்து அடி. உண்மையான வலையும் நடுவில் அவ்வளவுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எதிரும் புதிருமாக. மட்டை இருபதுதான் இருக்கிறதா? ஜோடியில் ஒருத்தி கையால் எறியட்டும், மற்றவள் அடிக்கட்டும். பத்துத் தடவைக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளட்டும். எறிவதும் வீண் வேலை அல்ல. தலைக்கு மேலே வரும் இறகை ஓங்கி அடிப்பதும் கல்லெறிவதும் கைக்கு ஒரே அசைவுதான். மாங்காய்க்குக் கல் விட்டுப் பழகிய பெண்ணுக்கு அந்த அடியைத் தனியாகக் கற்றுத் தர வேண்டாம். பாதிப் பெண்களுக்கு எறியவே யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதுதான் சங்கடம்.

அடுத்தது, எண்ணுவது. இருவரும் சேர்ந்து இறகு கீழே விழாமல் எத்தனை அடி? இன்றைக்கு ஏழு என்றால் வியாழக்கிழமை ஒன்பது. இதில் எதிராளி கிடையாது. எதிரே நிற்பவளுக்குத் தோதாக அடித்தால்தான் தனக்கும் எண்ணிக்கை ஏறும் என்பதால், கெட்டிக்காரப் பெண்ணும் கவனித்து, அளந்து அடிக்க வேண்டியிருக்கிறது. ஓங்கி அறைவதைக் காட்டிலும் அது சிரமமான வித்தை.

இருபது அடி தாங்கும் ஜோடிகள் சேர்ந்த பிறகு பந்தயம் வைக்கலாம். சர்வதேச ஆட்டத்தில் 2006-ல் 21 பாயிண்ட் கணக்கு வந்தது. ஸர்வீஸ் யாருடையதாக இருந்தாலும் பாயிண்ட் உண்டு. (ஸர்வீஸ் போட்டவருக்கு மட்டும் பாயிண்ட் என்ற பழைய கணக்கில் ஆடிய தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் பெண்ணிடம் மாட்டிக்கொள்வீர்கள்!) வகுப்புக்கு 21 வேண்டாம், கடிகாரம் போதும். ஐந்து நிமிஷம் ஆனதும் விசில். ஜயித்தாலும் தோற்றாலும் எல்லாரும் ஓர் இடம் வலப்பக்கம் நகர வேண்டும். யாரும் வெளியே போவதில்லை. ஒவ்வொருத்தியும் பல பேரோடு ஆடிவிடுகிறாள். நாலு நல்ல ஆட்டக்காரிகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தூக்கிக்கொள்ளட்டும்.

உலகப் பாட்மிண்டன் சம்மேளனமே பள்ளி ஆசிரியர்களுக்கென்று 'ஷட்டில் டைம்' என்ற பெயரில் பாடத் திட்டம் போட்டு வைத்திருக்கிறது. அதில் ஆரம்பப் பாடங்களுக்கு என்ன கருவி தெரியுமா? பலூன்! ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பலூனைப் பார்த்ததும் சிரிப்பார்கள். ஆனால் மெதுவாக இறங்கும் பலூனைத் தட்டிப் பழகிய கண்ணுக்கு, இறகு வரும் வழி சீக்கிரம் பிடிபடும்.

தோசைத் திருப்பி வேண்டாம்

புதிதாக மட்டையை எடுப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தோசைத் திருப்பியைப் பிடிப்பது போலத்தான் பிடிக்கிறார்கள். நேராக வரும் இறகுக்கு அது சரியாகவே தோன்றும். தலைக்கு மேலே வந்தால் தெரிந்துவிடும், மணிக்கட்டு திரும்பாது. மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்க நிற்கட்டும். அதோடு கைகுலுக்குவது போலப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம். இறகு படுகிற அந்தக் கணத்தில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும். இடப்பக்கம் வருவதை அடிக்கும்போது கட்டை விரலைப் பிடியின் தட்டையான பக்கத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஸர்வீஸில்தான் பெண்கள் மானம் போகிறது என்று அழுவார்கள். இறகை உயரத் தூக்கிப் போட்டு அடிக்க முயல்வதே காரணம். தூக்கிப் போடாதீர்கள். இடுப்புக்குக் கீழே, இறகின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, மட்டைக்கு முன்னால் வைத்துப் புறங்கைப் பக்கமாக ஒரு தள்ளு. பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

வாங்குகிற விஷயத்தில் ஒரு வார்த்தை. உயர்ந்த ரக இறகுக் காக்கில் வாத்து அல்லது தாரா இறகு 16 இருக்கும். எடை ஐந்து கிராம் சுமார். பழகுகிறவர்கள் கையில் ஒரு மணி நேரம் தாங்காது. வகுப்புக்கு நைலான் போதும். அதன் கழுத்தில் ஒரு வர்ணப் பட்டை உண்டு: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. வெப்பமான காற்று லேசானது, அதில் இறகு தூரம் போகும். ஆகவே நம் ஊர் வெயிலுக்குப் பச்சைதான் நல்லது. சென்னையில் இருப்பவர்கள் முடிந்தால் முதல் பீரியடைக் கேட்டு வாங்குங்கள். கடற்காற்று கிளம்பிவிட்டால் இறகு தன் இஷ்டத்துக்குப் போகும்.

கூடம் கட்டிக் கொடுத்தால்தான் ஆடுவோம் என்று இருக்க வேண்டியதில்லை. 1980-ல் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற முதல் இந்தியரான பிரகாஷ் படுகோனே பெங்களூரில் பழகியது, மல்லேசுவரத்தில் ஒரு சங்கத்தின் கல்யாண மண்டபத்தில்! முகூர்த்தம் இருந்தால் ஆட்டம் இல்லை. இன்றைக்கு மண்டபம் காலிதானா என்று விசாரித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் ஓடுவார்களாம்.

"என் பெண் பூஞ்சை உடம்பு," "என் பெண் கண்ணாடி போட்டிருக்கிறாள்," "கொஞ்சம் கனம், ஓட மாட்டாள்" என்று சொல்லும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. 2024-ல் பாரிஸில் நடந்த பாராலிம்பிக் பாட்மிண்டனில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர் பதக்கம் வாங்கினார்கள். காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் வெள்ளி. திருவள்ளூர் மனீஷா ராமதாஸ் வெண்கலம். ஒசூர் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். முதல் இருவருக்கும் கையில் குறை. மூன்றாமவர் குட்டையான உருவம். பாரா ஆட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒற்றையர் ஆடுகிறவர்களுக்குக் கோர்ட்டில் பாதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். கோர்ட்டுக்குத் தக்கபடி ஆளைத் தேடாமல், ஆளுக்குத் தக்கபடி கோர்ட்டை அமைக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் கனத்த பெண்ணுக்குப் பாதிக் கோர்ட் கொடுத்தால் என்ன?

கண்ணாடிக்கு ஒரு நூல் கட்டி அனுப்புங்கள். ஜோடியாக ஆடும்போது முன்னால் நிற்பவள், "பின்னால் என்ன ஆயிற்று?" என்று திரும்பிப் பார்க்கவே கூடாது என்று கண்டித்துச் சொல்லுங்கள், கண்ணில் அடிபடுவது அப்போதுதான். வழுக்காத ரப்பர் அடி போட்ட ஷூ அவசியம். துப்பட்டாவை ஆட்ட நேரத்துக்கு மடித்து வைத்துவிடலாம். கால்சராயும் சட்டையுமாக ஒரு விளையாட்டு உடை இருந்தால் இன்னும் உத்தமம். மாதத்தில் மூன்று நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு முடிந்தால் ஆடுவதில் தவறில்லை. முடியாவிட்டால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற தைரியம் அவளுக்கு இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுத்தமான கழிப்பறையும் தண்ணீரும் இருக்கின்றனவா என்பதை அவள் கேட்க மாட்டாள். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி விசாரிக்கும்போது அதையும் நீங்கள் விசாரியுங்கள். கூடவே, பி.டி. பீரியடில் எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்றும்.

விசாரித்துவிட்டு வரும் வழியிலேயே இரண்டு மட்டைகளும் பச்சைப் பட்டை நைலான் காக் ஒரு டப்பியும் வாங்கி வாருங்கள். மாடியில் காற்று அடங்கிய காலை ஆறரை மணிக்கு, பெண்ணோடு நீங்களும் நின்று எத்தனை அடி தாங்குகிறது என்று எண்ணலாம். ஒட்டடைக் கம்பைக் கையோடு எடுத்துப் போங்கள். முதல் பத்து நிமிஷத்துக்குள் காக் பக்கத்து வீட்டு ஸன்ஷேடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.