கொள்முதற் கலையும் கணினியும்

ஒரு தொழில் நிறுவனம் தன் பொருளை விற்குந் திறமையை உலகம் கண்டு வியக்கின்றது. அப்பொருளை ஆக்குதற்கு வேண்டியவற்றை அது வாங்குந் திறமையைக் கருதுவோர் சிலரே. மோட்டர் வண்டி ஒன்றிலே, திருகாணி முதலாக எண்ணின், ஏறத்தாழ 30,000 உறுப்புக்கள் உள. அவற்றுள் ஒன்று குறையினும் வண்டி முற்றுப்பெறாது. இவ்வுறுப்புக்களுட் பெரும்பாலானவற்றை வண்டி செய்யும் நிறுவனம் தானே செய்வதில்லை, பிறரிடமிருந்து வாங்குகின்றது. அப்பிறரும் தமக்கு வேண்டியவற்றை வேறு பலரிடமிருந்து வாங்குகின்றனர். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராய்த் தொடரும் வழங்குநர் வரிசையே வழங்கற் சங்கிலி எனப்படும். இச்சங்கிலி அறுபடுங்கால், அஃது எவ்விடத்தில் அறுபட்டது என்பதைக் கொள்முதற் பகுதியார் எவ்வாறு அறிவர்? அதனை அறிதற்குக் கணினி எவ்வளவிற்குத் துணைசெய்யும்? யப்பானிலுள்ள ரொயோட்டா நிறுவனத்தின் கால்நூற்றாண்டுக்காலப் பட்டறிவு இவ்வினாக்களுக்குத் தக்க விளக்கமாக அமைந்துள்ளது.

அந்நிறுவனத்தின் புகழுக்கு ஏதுவாயிருந்தது, வேண்டிய பொருளை, வேண்டிய பொழுதில், வேண்டிய அளவிற் கொள்ளும் முறையாகும். இதனை ஒழுங்குபடுத்தியவருள் தலையாயவர் தையிச்சி ஓனோ (1912–1990) என்னும் பொறியியலாளர். அமெரிக்காவின் பெருங்கடைகளிலே, வாடிக்கையாளர் எடுத்துச் சென்ற பொருளுக்கு ஈடாகவே புதிய பொருள் தட்டில் வைக்கப்படுவதை அவர் தம் முறைக்கு முன்மாதிரியாகக் கொண்டார். உறுப்புக்கள் வரும் பெட்டியோடு கன்பன் எனப்படும் அட்டையொன்றும் வரும். அப்பெட்டியிலுள்ளவை பயன்படுத்தப்பட்டதும் அட்டை வழங்குநரிடம் திரும்பும். திரும்பிய அட்டையே அடுத்த பெட்டிக்குரிய கட்டளையாகும். பிற்காலத்தில் இவ்வட்டை மின்செய்தியாக மாறிற்று, கருத்து மாறவில்லை. பண்டசாலையிற் பொருள் தேங்குவதில்லை. ஆகவே பணமும் முடங்குவதில்லை. குறையுள்ள உறுப்பு உடனே வெளிப்பட்டுவிடுகின்றது. ஆயின், தேக்கம் இல்லாதவிடத்துத் தாமதத்துக்கும் இடமில்லை.

அவ்வுண்மை 1997 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி விடியற்காலையில் வெளிப்பட்டது. கரியா நகரிலிருந்த ஐசின் செய்கி நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. பின்சில்லுகளின் தடைக்குச் செல்லும் அழுத்தத்தை அளவுபடுத்தும் சிறிய வால்வு ஒன்று அங்கே செய்யப்பட்டது. ரொயோட்டாவுக்கு வேண்டிய இவ்வால்வுகளுட் பெரும்பாலானவை அவ்வொரு தொழிற்சாலையிலிருந்தே வந்தன. பெருந்தேரின் ஓட்டம் சிற்றச்சாணியிலே தங்கியிருத்தல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று; ரொயோட்டாவும் அதனைச் சில நாளில் உணர்ந்தது. அதன் யப்பானியத் தொழிற்சாலைகளுட் பெரும்பாலானவை நின்றுபோயின. ஐசின் தன் வரைபடங்களை எல்லாருக்கும் திறந்து காட்டிற்று. தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன பிறதர் நிறுவனம் உட்பட 60க்கு மேற்பட்ட நிறுவனங்கள் தத்தம் பட்டறைகளிலே வால்வு செய்யத் தொடங்கின. விலை இன்னதென்று முற்கூட்டிப் பேசினாரில்லை. ஏறக்குறைய ஒரு கிழமையுள் வண்டிகள் மீண்டும் உருண்டன. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனில், இவ்வெற்றிக்குக் கணினி காரணமன்று என்பதே. எரிந்த தொழிற்சாலை கண்முன்னே நின்றது. குறைபட்ட உறுப்பு யாதென்பதும் தெரிந்திருந்தது. உதவ வந்தோர் நீண்டநாள் உறவினர் போன்றோர். அறியவேண்டியது யாதும் மறைந்திருக்கவில்லை.

14 ஆண்டுகளின்பின் நேர்ந்தது அத்தகையதன்று. 2011 மார்ச்சு 11 ஆம் திகதி வடகீழ் யப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தாலும் கடற்கோளாலும் ஏறத்தாழ 18,000 பேர் மாண்டும் காணாமலும் போயினர். அத்துயரின்முன் வண்டித்தொழிலின் இழப்பு சிறிதே. எனினும் அத்தொழிலார்க்கு அஃது ஒரு பெரும் பாடமாயிற்று. தம்மிடம் நேரே பொருள் விற்றோரைக் கொள்முதற் பகுதியார் நன்கறிவர். அவர்க்கு விற்றோரை ஓரளவு அறிவர். அதற்கப்பால் மூன்றாம் நான்காம் படிகளிலே நிற்போர் யாவர், எவ்வூரில் உள்ளனர் என்பதை அறிந்தாரிலர். ஒவ்வொரு வழங்குநரையும் தொலைபேசியில் அழைத்து, அவர் தம் வழங்குநரை அழைத்து, விடை மேலேறி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிழமைகள் கழிந்தன. தட்டுப்பட்ட உறுப்புக்கள் முதலில் நூற்றுக்கணக்கில் எண்ணப்பட்டன. ஏப்பிரல் 18 ஆம் திகதிமுதல் உள்நாட்டுத் தொழிற்சாலைகள் யாவும் இயங்கத் தொடங்கியபோதும், வழமையான அளவின் பாதியையே எட்டின.

தேடலின் முடிவில் வெளிப்பட்டது எதிர்பாராத ஓர் உருவம். வழங்கற் சங்கிலி கீழே செல்லச்செல்ல விரிந்து கூர்நுதிக்கோபுரம்போல இருக்கும் எனக் கருதப்பட்டிருந்தது. ஒரே உறுப்பை இருவரிடம் வாங்கினால் இடர் பாதியாகும் என்ற நம்பிக்கை அக்கருத்தின்மீது எழுந்ததே. உண்மையிலோ, பல இடங்களில் அது நடுவில் விரிந்து அடியில் மீண்டும் குறுகியிருந்தது. இருவரிடம் வாங்கியும் பயனில்லை. அவ்விருவரும் அடியில் ஒருவரிடமே வாங்கினர். மோட்டர் வண்டியின் இயந்திரத்தையும் தடையையும் ஆளும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகளில் உலகத் தேவையின் ஏறத்தாழ 40 விழுக்காட்டை ரெனெசாஸ் என்னும் ஒரு நிறுவனமே அக்காலத்தில் நிறைவுசெய்தது. அதன் முதன்மையான நாக்கா தொழிற்சாலை இபராக்கி மாகாணத்தில் நிலநடுக்கத்தாற் சிதைந்தது. வண்டி நிறுவனங்களிலிருந்தும் பிறவிடங்களிலிருந்தும் நாளொன்றுக்கு 2,500 பேர் வரை சென்று உதவியமையால் யூன் 1 ஆம் திகதி அங்கே உற்பத்தி மீளத் தொடங்கிற்று. வண்டிப் பூச்சுக்கு மினுக்கம் ஊட்டும் சிரலிக் என்னும் நிறப்பொருளின் கதை இன்னும் வியப்புடையது. மேர்க் என்னும் செருமானிய நிறுவனம் அதனை உலகில் ஒரேயிடத்தில், புக்குசிமா மாகாணத்து ஒனஹாமாவிற் செய்தது. அது நின்றதும் அமெரிக்காவிலே போர்ட் நிறுவனம் சில கறுப்பு, சிவப்பு நிற வண்டிகளுக்குக் கட்டளை ஏற்பதை மட்டுப்படுத்திற்று.

இப்பட்டறிவிலிருந்து பிறந்ததே ரெஸ்கியூ எனப்படும் ரொயோட்டாவின் தரவுத்தளம். மீட்பு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். கொள்முதற் பகுதியில் அதற்கு முன்னும் கணினிகள் இருந்தன. அவை கட்டளை அனுப்பின, விலை பதிந்தன, கணக்குத் தீர்த்தன. யாரிடம் வாங்குவது என்பதைச் சொல்லின. அவர் யாரை நம்பியுள்ளார் என்பதைச் சொல்லவில்லை. புதிய தரவுத்தளத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணோடு அதனை வழங்குவோர் பெயர் மட்டுமன்றி, அது செய்யப்படும் தொழிற்சாலை நிற்கும் இடமும், அத்தொழிற்சாலைக்குப் பொருள் வழங்கும் அடுத்த படியாரின் இடமும், இவ்வாறே கீழ்ப்படிகளும் இணைக்கப்படுகின்றன. வழங்குநரின் தலைமை அலுவலகம் தோக்கியோவில் இருக்கலாம். தீயும் வெள்ளமும் சேர்வது தொழிற்சாலைக்கே. ஆதலின் முகவரி என்பது ஈண்டு உற்பத்தியிடத்தின் முகவரியே. நிலம் நடுங்கியதும், அதிர்ந்த பகுதியின் படத்தை இவ்விடங்களின் படத்தோடு பொருத்தினால், ஐயத்துக்குரிய தொழிற்சாலைகளும் அவற்றிலிருந்து வரும் உறுப்புக்களும் தாமே வெளிப்படும். யாரை முதலில் அழைக்கவேண்டும் என்பது தெரிந்துவிடுகின்றது. எத்தனை நாட்களில் வேறிடத்திற் செய்யத் தொடங்கலாம் என்பதும் பதியப்பட்டிருப்பின், எவ்வுறுப்பைப் பற்றி முதலிற் கவலைகொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

கணினிக்கு இவ்வேலை கடினமன்று. கடினமாயிருந்தது தரவைப் பெறுதலே. தன் வழங்குநர் யாவரென வெளியிடுதல் ஒரு வணிகனுக்குத் தன் கைமுதலை வெளியிடுதல் போல்வது. பெரிய வாடிக்கையாளர் தன்னைத் தாண்டிச் சென்று தனக்கு விற்பவனிடமே நேரே வாங்கிவிடுவார் என்றோ, அடக்கவிலையைக் கணித்துத் தன் விலையை நெருக்குவார் என்றோ அவன் அஞ்சுதல் இயல்பு. அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதென்று கூறவும் இயலாது. விலைகுறைப்பைக் கேட்பதிற் பெரிய வண்டி நிறுவனங்கள் எவையும் பின்னிற்பனவல்ல. ஆகவே இத்தரவுகள் இடர்க்காலத்துக்கேயன்றி விலைபேசுதற்கு அல்ல என்ற உறுதி வழங்குநர் மனத்திற் பதியாவிடின், ஏட்டிலுள்ள கட்டங்கள் வெறுமையாகவோ பொய்யாகவோ நிரம்பும். பொய்த்தரவு வெறுமையினுந் தீயது. அது தேடுதலை நிறுத்திவிடுகின்றது. நிரப்பிய தரவும் நாட்செல்லப் பழைதாகும். கீழ்ப்படியிலுள்ள ஒரு சிறு பட்டறை ஆலையை மாற்றினால், மேலுள்ளோர்க்கு அதனைச் சொல்லும் கடமையை யாரேனும் ஏற்றல் வேண்டும்.

அறிவு கிடைத்தபின் அதன்படி நடத்தலுக்குச் செலவும் உண்டு. சில்லுகள் ஒருமுறை நின்றால் மீண்டும் கைக்கு வரப் பல மாதங்கள் செல்லும் என்பதைக் கண்ட ரொயோட்டா, வழங்குநர் இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குரிய சில்லுகளைச் சேமித்து வைக்கும்படி ஏற்பாடு செய்தது. தேக்கமே கூடாதென்று உலகுக்குக் கற்பித்த நிறுவனம் தேக்கத்தை விலைகொடுத்து வாங்கியது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். அது முரண்பாடன்று. எங்குத் தேக்கம் தேவையில்லை, எங்குத் தேவை என்பதைப் பிரித்தறியும் ஆற்றல் தரவுத்தளத்தாற் கிடைத்தது. 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாட்டால் வண்டித் தொழிற்சாலைகள் நின்றபோது ரொயோட்டா பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் தென்கிழக்காசியாவிற் கொரோனாத் தொற்று நீடித்து அங்குள்ள ஆலைகள் முடங்கவே, அவ்வாண்டு செப்டம்பர் மாத உலக உற்பத்தித் திட்டத்தை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்க நேர்ந்தது. ஆறு மாதச் சேமிப்பும் ஆறு மாதத்துக்கே போதுமானது.

இனி, கருவியே இடராவதும் உண்டு. வண்டியின் உள்ளறை உறுப்புக்களைச் செய்து கொடுக்கும் கொஜிமா என்னும் வழங்குநரின் கணினிகள் 2022 பெப்ரவரி இறுதியில் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயின. ஆலை எரியவில்லை, நிலம் நடுங்கவில்லை, இயந்திரங்கள் செவ்வனே இருந்தன. கட்டளைகளைப் பெறவும் விடுக்கவும் இயலாமையே குறை. அதனால் மார்ச்சு 1 ஆம் திகதி ரொயோட்டாவின் 14 உள்நாட்டுத் தொழிற்சாலைகளும் ஒரு நாள் மூடப்பட்டன. ஏறத்தாழ 13,000 வண்டிகளின் உற்பத்தி தடைப்பட்டது. எத்தரவுத்தளத்திலும் இத்தகைய ஆலை ஊறுபட்டதாகச் சிவப்புப் புள்ளி தோன்றாது.

2023 ஆகஸ்டில் நேர்ந்தது இதனினும் எளியது. பகைவர் எவருமிலர். உறுப்புக்களுக்குரிய கட்டளைகளைக் கையாளும் கணினிகளிலே, 27 ஆம் திகதி வழமையான பராமரிப்பு வேலை நடந்தது. திரண்டிருந்த தரவுகளை அகற்றி ஒழுங்குசெய்யும்போது வன்தட்டில் இடம் போதாமையால் வேலை பிழைத்தது, கணினிகள் நின்றன. இடருதவிக்கென வைக்கப்பட்டிருந்த மாற்றுக்கணினிகளும் அதே அமைப்பிலேயே இயங்கியமையால் அவையும் அவ்வாறே நின்றன. வேறுவேறெனக் கருதப்பட்ட இரு வழிகள் அடியில் ஒன்றாயிருந்தமை, 2011 இற் சில்லு வழங்குநரிடையே கண்ட அதே உருவமாகும். இம்முறை அது நிறுவனத்தின் கணினி அறைக்குள்ளே இருந்தது. 14 தொழிற்சாலைகளும் மீண்டும் நின்றன. 29 ஆம் திகதி தரவுகள் கூடிய கொள்ளளவுடைய வேறொரு கணினிக்கு மாற்றப்பட்டன. மறுநாள் வண்டிகள் வெளிவரத் தொடங்கின.