சாரல் ஊருக்கு ஒரு சனி, ஞாயிறு!

மழை வந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? "வெளியே போகாதே, சளி பிடிக்கும்" என்று அம்மா கதவைச் சாத்துவார். நீங்கள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, நாலு சொட்டு மழையைப் பிடித்துக்கொள்வீர்கள். சரிதானே?

நனைவதற்கென்றே பஸ் பிடித்து, ரயில் ஏறி ஜனங்கள் போகிற ஊர் ஒன்று நம் ஊர்ப்பக்கம் இருக்கிறது. அங்கே குடையை விரித்துக்கொண்டு நடந்தால் நம்மைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். பெரிய நகரம் இல்லை. நாலைந்து தெருக்கள், ஒரு கோயில், நிறைய கடைகள், ஏகப்பட்ட குரங்குகள், எந்த மூலைக்குப் போனாலும் காதில் விழும் தண்ணீர்ச் சத்தம். ஆமாம், குற்றாலம்தான்!

2019-ம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் மூன்று, நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவருடைய அப்பா, சித்தி, மாமா என்று பெரியவர்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். பையில் ஆளுக்கு இரண்டு துண்டும், நினைத்ததைவிட ஒரு ஜோடி அதிகமாக உடைகளும் வையுங்கள். சாரல் காலத்தில் அங்கே எதுவும் காயாது! கூடவே, வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற ஒரு பாட்டில், ஒரு ஸ்கேல், ஒரு சின்ன நோட்டு. இவை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சென்னையில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், சனிக்கிழமை காலை தென்காசியில் கண் விழிக்கலாம். திருநெல்வேலியில் இருந்து என்றால் பஸ்ஸே போதும். ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான்.

அந்த 55 கிலோமீட்டரில்தான் வேடிக்கை இருக்கிறது. ஜூன் மாதம் திருநெல்வேலியில் பஸ் ஏறும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். சட்டை முதுகில் ஒட்டும். ஆலங்குளம் தாண்டியதும் ஜன்னல் காற்றில் லேசாக ஒரு குளிர் தெரியும். தென்காசி நெருங்கும்போது மேற்கே மலை முழுவதும் மேகம் மூடிக் கிடக்கும். பஸ்ஸில் யாராவது ஒருவர் அடுத்தவரிடம், "அருவியில தண்ணி விழுதா அண்ணாச்சி?" என்று கேட்பார். சீசன் நேரத்தில் அந்தப் பக்கம் நலம் விசாரிப்பதே அப்படித்தான்!

மலையில் ஒரு ஜன்னல்

சரி, திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும்போது குற்றாலத்தில் மட்டும் எப்படிச் சாரல் அடிக்கிறது?

ஜூன் முதல் வாரத்தை ஒட்டி, அரபிக் கடலில் இருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு கேரளாவுக்குள் நுழையும். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். காற்று அதில் ஏறித்தான் ஆக வேண்டும். மேலே ஏற ஏறக் குளிரும். குளிர்ந்தால் ஈரம் மேகமாகி, மழையாகக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்றில் மிச்ச ஈரம் குறைவு. அதனால்தான் கேரளாவில் மழை வெளுத்து வாங்கும்போது, நம் பக்கத்தில் பல ஊர்கள் காய்ந்து கிடக்கின்றன. இதை 'மழை மறைவுப் பகுதி' என்று சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

ஆனால், செங்கோட்டைக்குப் பக்கத்தில் அந்தச் சுவர் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. ஆரியங்காவு கணவாய் என்று அதற்குப் பெயர். கொல்லத்துக்குப் போகும் ரயிலும் சாலையும் அந்த வழியாகத்தான் போகின்றன. ரயிலும் பஸ்ஸும் போகிற வழியில் காற்றும் மேகமும் வராதா என்ன? திறந்து வைத்த ஜன்னல் போல, அந்த வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. தரையை அடையும்போது அது பெருமழை இல்லை. சல்லடையில் சலித்த மாதிரி பொடிப்பொடியாக விழும். ஒரு பக்கம் வெயில் அடிக்கும், இன்னொரு பக்கம் முகத்தில் தூறல் விழும், நடுவில் காற்று வேறு தள்ளும். இதுதான் சாரல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் இதற்குச் சீசன்.

தென்காசியில் இறங்கியதும் காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கணவாய்க் காற்று வந்து உங்களை ஒரு தள்ளு தள்ளும். குடையை விரித்து நான் சோதித்துப் பார்த்தேன். குடை திரும்பிக்கொண்டது. நீங்கள் சோதிக்க வேண்டாம்!

அருவிகளில் எது உங்களுக்கு?

குற்றாலத்தில் அருவி ஒன்று இல்லை. ஊருக்குள்ளேயே, கோயிலை ஒட்டி விழுவது பேரருவி. எல்லோரும் 'மெயின் அருவி' என்பார்கள். மலை உச்சியில் இருந்து தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால், பாதி வழியில் பாறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் பொங்குமாங்கடல். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் குறைந்து, பொங்கி வழிந்து, பிறகுதான் கீழே இறங்குகிறது. இயற்கையே வைத்த ஸ்பீட் பிரேக்கர்!

ஐந்தருவியில் ஒரே ஓடை பாறையில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும். கூட்டத்தில் ஆளுக்கு ஓர் இடம் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவியும் சிற்றருவியும் சரியான இடங்கள். உயரமும் வேகமும் குறைவு. மலைக்கு மேலே செண்பகாதேவி அருவி, அதற்கும் மேலே தேனருவி உண்டு. அவை காட்டுக்குள் இருப்பவை. தேனருவிக்குப் போக அனுமதி இல்லை. "குறுக்கு வழி எனக்குத் தெரியும்" என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

சோப்பு, ஷாம்பு எதுவும் எடுத்துப் போக வேண்டாம். அருவிகளில் அவற்றைப் பயன்படுத்த நீதிமன்றமே தடை போட்டிருக்கிறது. குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடி, தென்காசி வழியாகப் போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. போகிற வழியெல்லாம் வயல்கள். உங்கள் தலையின் ஷாம்பு நுரை அந்த நெல்லுக்கு எதற்கு?

ஒரு செருப்பின் கதை

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. நாங்கள் ஐந்து நண்பர்கள், ஒருவனுடைய மாமாவோடு மெயின் அருவிக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் பாதி நீலம். தூறல்கூட இல்லை. வரிசையில் நின்று, தள்ளுமுள்ளு பட்டு, அப்போதுதான் தண்ணீருக்கு அடியில் போய் நின்றோம். 'பீப் பீப்' என்று விசில். "எல்லாரும் வெளியே வாங்க! சீக்கிரம்!" என்று போலீஸ்காரர்கள் கத்தினார்கள்.

எங்களுக்கு ஒரே கோபம். மழையே இல்லை, எதற்கு விரட்டுகிறார்கள்? முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தோம். எங்களில் ஒருவன் புதுச் செருப்பைப் பாறை ஓரத்தில் விட்டிருந்தான். எடுத்து வர ஓடினான். ஒரு போலீஸ்காரர் எட்டி அவன் கையைப் பிடித்துவிட்டார். "செருப்பு அம்பது ரூவா இருக்குமாடே? நீ எவ்வளவு?" என்றார். அவன் அழுதுவிட்டான்.

அவன் கண்ணைத் துடைப்பதற்குள் அருவியின் சத்தம் மாறிவிட்டது. 'சோ' என்று இருந்தது, 'கும்' என்று ஆனது. வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. இலையும் குச்சிகளும் சேர்ந்து வந்தன. அருவிக்கு முன்னால் பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் அந்த வளைவையே தாண்டிக் கொட்டியது. நாங்கள் நின்ற இடம் கண்ணுக்கே தெரியவில்லை. செருப்பு போனது போனதுதான்.

இது எப்படி? நாம் நிற்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்றே இல்லை. மேலே, மலைக்காட்டில் பெய்தால் போதும். செங்குத்தான மலை என்பதால், அங்கே விழுந்த மழையெல்லாம் ஓடைகளில் சேர்ந்து கீழே வர அதிக நேரம் ஆகாது.

2024-ம் ஆண்டு மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்தது. சீசன் அப்போது தொடங்கவே இல்லை, கோடை மழைதான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் பதறி ஓடினார்கள். ஒரு பள்ளி மாணவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். உங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர். இதைப் படிக்கும்போது மனது கனக்கிறது இல்லையா? எழுதும்போதும் அப்படித்தான். ஆனால், உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

எனவே, அருவியிலோ, ஆற்றிலோ நிற்கும்போது ஒரு கண் தண்ணீரின் நிறத்தில் இருக்கட்டும். கலங்கலாக மாறினாலோ, இலை, சருகு அதிகமாக வந்தாலோ, சத்தம் மாறினாலோ, விசிலுக்குக் காத்திருக்காதீர்கள். தண்ணீர் ஓடுகிற திசையில் ஓடக் கூடாது. பக்கவாட்டில், மேடான இடத்துக்கு ஏறுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். செருப்பு, துண்டு, செல்போன் எதற்காகவும் திரும்பக் கூடாது. வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தால், தூரத்தில் நின்று பாருங்கள். அதுவும் ஒரு காட்சிதான்.

தடை போட்டால் என்ன செய்வது?

"இவ்வளவு தூரம் வந்து குளிக்க முடியாவிட்டால்?" என்று முகத்தைத் தூக்காதீர்கள். ஊருக்குள் வேலை நிறைய இருக்கிறது.

முதல் வேலை, மங்குஸ்தான் பந்தயம். சீசனில் பழக்கடைகளில் கருஞ்சிவப்பாக, உருண்டையாக அடுக்கியிருப்பார்கள். ஆளுக்கு ஒரு பழம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைக்காமலேயே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல வேண்டும். முடியுமா? பழத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னப் பூ மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை! இந்த ரகசியத்தை முதலிலேயே நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பழமாவது ஜெயித்த பிறகு சொல்லலாம். தோலின் சாறு சட்டையில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை.

பழத்தைத் தின்னும்போது தலைக்கு மேலேயும் பார்த்துக்கொள்ளுங்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் நன்றாகத் தெரியும். கண் மூடித் திறப்பதற்குள் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் மரத்தின் மேல் இருக்கும். திருப்பிப் பிடுங்கப் போகாதீர்கள், கடிக்கும். பாவம் என்று நாமாகக் கொடுப்பதும் தப்பு. கொடுத்துக் கொடுத்துத்தான் அவை காட்டை மறந்து கடைத்தெருவுக்கு வந்துவிட்டன.

அடுத்தது சித்திர சபை. நடராஜருக்கு ஐந்து சபைகள் என்பார்கள். சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் ரத்தின சபை. குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. இங்கே நடராஜர் சிலையாக இல்லை. சுவரில் ஓவியமாக ஆடுகிறார்! சுற்றிலும் சுவரெல்லாம் பழைய ஓவியங்கள். மழைக்காக ஒதுங்கிய நேரத்தில் ஆளுக்கு ஒரு சுவரை எடுத்துக்கொண்டு, யார் யார் வரையப்பட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். தொட்டுப் பார்க்க மட்டும் கூடாது. கை ஈரம் ஓவியத்துக்கு ஆகாது.

சரி, அந்தப் பாட்டில் எங்கே?

தங்கும் இடத்தில், மரமோ கூரையோ இல்லாத திறந்தவெளியில் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். காற்றில் சாயாமல் சுற்றிலும் நாலு கல். மறுநாள் காலை, உள்ளே எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். அதுதான் அந்த இடத்தின் மழை அளவு. செய்தியில் '10 மில்லிமீட்டர் மழை' என்கிறார்களே, அதேதான். 1 மில்லிமீட்டர் மழை என்றால், 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தரையில் 1 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் விடுதி மொட்டை மாடியின் நீளமும் அகலமும் தெரிந்தால், ராத்திரி அதன் மேல் எத்தனை குடம் விழுந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். கணக்குப் பாடம் என்றால் ஓடுகிற நண்பன்கூட இதற்கு உட்கார்ந்துவிடுவான்.

போவதற்கு முன்பே இன்னொரு பாட்டிலை உங்கள் வீட்டு மாடியிலும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். தங்கையிடமோ தாத்தாவிடமோ பொறுப்பைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போன் போட்டு, "அங்கே எவ்வளவு?" என்று கேட்கலாம். சீசனில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பாட்டில்ல தூசிதான் இருக்கு!"

ஞாயிறு மாலை செங்கோட்டையில் இருந்து கிளம்பும் பொதிகை, தென்காசி வரும்போது ஜன்னல் கம்பியில் சாரல் முத்து முத்தாக நிற்கும். காயாத துண்டுகளை மேல் பெர்த் கம்பியில் தொங்கவிடுங்கள். கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று ரயில் போகப் போக, எந்த ஸ்டேஷனில் ஜன்னல் கம்பி காய்ந்தது என்று நண்பர்களோடு பந்தயம் கட்டிப் பாருங்கள். விடையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுத் தூங்கலாம். மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு!