விரைவும் ஒருமையும்

பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளுக்கு நாள்தோறும் சென்று வரும் நம் ஹெப்பகோடித் தமிழர்களுள் பலர் பிரஸ் இயந்திரத்தோடு பழகியவர்கள். தகட்டுச் சுருள் ஒரு பக்கம் நுழைய, முதல் அடியில் துளை, அடுத்த அடியில் வளைவு, அதற்கடுத்த அடியில் வெட்டு என்று படிப்படியே நகர்ந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு முழு உருப்படி வந்து விழுவதை அவர்கள் அறிவார்கள். ‘புரோகிரசிவ் டூல்’ என்று பட்டறையில் வழங்குவது அதுவே. இதே தத்துவத்தில் அமைந்த சிறு கைப்பிரஸ் ஒன்று அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் விளையாட்டினர் பலருடைய வீடுகளில் இருக்கிறது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை மீண்டும் தோட்டாவாக்கும் கருவி அது. அந்நாட்டில் குடியேறிய உறவினர் நமக்கு உண்டு. பிரஸ் வேலை அறிந்த இளைஞர் இங்கே உண்டு. ஆதலின் அக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், அதைப் பற்றிய நம் நாட்டுச் சட்டத்தையும் ஒருங்கே அறிதல் நன்று.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்தும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டுமே. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் விரிந்த அக்கூட்டை டையினுள் அழுத்தி, பழைய அளவுக்குக் கொணர்ந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

இதற்கான பிரஸ்கள் மூவகைப்படும். முதல் வகையில் ஒரே டை. ஒரு வேலையை எல்லாக் கூடுகளுக்கும் செய்து முடித்தபின் டையை மாற்றி அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாம் வகையில் பல டைகள் சுழலும் தலையில் நிற்கும். ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு கூடுதான். மூன்றாவதே புரோகிரசிவ். இதில் சுழல் தட்டில் பல கூடுகள் அமர்ந்து நிலைக்கு நிலை நகரும். கைப்பிடியின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா கிடைக்கும். அரிசோனாவின் டில்லன் நிறுவனம் இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் 550 வகையில் நான்கு நிலைகள். தட்டைக் கையால் திருப்ப வேண்டும். 750 வகையில் ஐந்து நிலைகள்; தட்டு தானே திரும்பும்.

ஐந்து நான்கினும் பெரிது, தானே திரும்புவது கையால் திருப்புவதினும் மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? கைத்துப்பாக்கியால் அருகிலுள்ள இலக்குகளை விரைந்து சுடுபவருக்கு அது பொருந்தலாம். தொலைவிலுள்ள குறியை ரைபிளால் சுடுபவருக்குத் தேவை எண்ணிக்கை அன்று, ஒருமை. ஆயிரம் கஜத் தொலைவில், குண்டின் வேகம் நொடிக்குப் பத்தடி மாறினால், வழக்கமான .308 ரைபிளில் குண்டு படும் இடம் ஏறக்குறைய மூன்று அங்குலம் மேலோ கீழோ விலகும். குறி வைத்தவரின் கண்ணும் கையும் பிழையற்றிருந்தும் இது நேரும்.

வேகம் மாறுவதற்கு முதற்காரணங்களுள் ஒன்று மருந்தின் அளவு. மருந்தை அளப்பது கிரெயின் என்னும் நிறையால். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். புரோகிரசிவ் பிரஸ்ஸிலுள்ள அளவி மருந்தை நிறுப்பதில்லை. படியில் அளப்பது போல இடத்தால் அளக்கிறது. உருண்டை மணிகளாயின் மருந்து ஒழுங்காக இறங்கும். ரைபிளுக்குப் பலர் விரும்பும் குச்சி வடிவ மருந்தோ ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டு நின்று, அளவை மாற்றிவிடும். ஆகவே நுட்பம் நாடுவோர் பலர் மருந்தைத் தராசில் தனியே நிறுத்து, புனல் வழியாகக் கூட்டில் இடுகின்றனர். அதற்கு இடம் தரும் பிரஸ்ஸே அவர்களுக்குரியது. கையால் திருப்பும் தட்டு இங்கே குறையன்று, வசதி.

இரண்டாவது தடை கூட்டைப் பற்றியது. ரைபிள் கூட்டுக்கு எண்ணெய்ப் பசை தடவித்தான் டையில் ஏற்ற முடியும். அழுத்தப்பட்ட பித்தளை நீளவாக்கில் வளரும். வளர்ந்ததை வெட்டிச் சமன் செய்து, பசையைத் துடைத்த பின்னரே மருந்திடலாம். ஆகவே முதல் நிலையில் நுழைந்த கூடு கடைசி நிலையில் தோட்டாவாக விழும் என்ற கணக்கு ரைபிளுக்கு முழுமையாகப் பொருந்தாது. வேலையை இரண்டு சுற்றாகப் பகுக்கவே வேண்டும். விளம்பரத்தில் காணும் மணிக்கணக்கைப் பாதியாகக் குறைத்துப் படிப்பதே விவேகம்.

மூன்றாவது, ஆட்டம். சுழல் தட்டிலும் தலையிலும் எவ்வளவு ஆட்டம் உண்டு, பல நிலைகளில் ஒருசேர அழுத்தம் விழும்போது தட்டு சாய்கிறதா என்பதை டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். தட்டு சாய்ந்தால் குண்டின் இருப்பும் கூட்டின் தோள் அளவும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். மருந்து விழாத கூட்டைக் கண்டுபிடிக்கும் வழியும் இருத்தல் வேண்டும். மருந்தில்லாத் தோட்டாவில் பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளி, குழலின் நடுவே சிக்க வைத்துவிடலாம். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும், உயிருக்கே ஆபத்து.

இவையனைத்தும் அங்குள்ளோர்க்கு. இங்குள்ளோர் கருத வேண்டியது வேறொன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் விளக்கத்தில், தோட்டாவின் பாகங்களும் தோட்டா செய்யும் இயந்திரமும் அடங்கும். அதாவது, அந்தப் பிரஸ்ஸும் சட்டத்தின் கண்ணில் தோட்டாவே! உரிமமின்றி அதைச் செய்வதும், வெளிநாட்டிலிருந்து கொணர்வதும் குற்றம். 2019இல் திருத்தப்பட்ட பிறகு, உரிமமின்றிச் செய்யும் குற்றத்துக்குக் குறைந்த அளவு ஏழாண்டுச் சிறை. ஆயுட்காலம் வரையும் நீளலாம். விடுமுறைக்கு வரும் மைத்துனர் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தார் என்பதோ, அறிமுகமற்ற ஒருவர் வரைபடம் நீட்டிக் கூலி பேசியதால் லேத்தில் கடைந்து கொடுத்தோம் என்பதோ நம்மைக் காக்கும் என்று எண்ணலாகாது. உருப்படி எதற்கு என்று கேட்டறிந்த பின்பே வேலையை ஏற்பது தொழிலாளியின் உரிமை மட்டுமன்று, குடும்பத்துக்குக் காப்பும் ஆகும்.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு நேர்வழி திறந்தே இருக்கிறது. 1951இல் தோன்றிய இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்தின் கீழ் மாநிலச் சங்கங்கள் உள்ளன. தொடக்கம் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி. இதற்குத் தோட்டாவே வேண்டா, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு போதும். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் மட்டுமே. இங்கும் ஒருமையே வெற்றியின் வேர்: தேர்ந்த வீரர்கள் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி, வெவ்வேறு தொகுதிக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு ஒத்த தொகுதியையே வாங்குகின்றனர்.

1999இல் கடலூரில் பிறந்து, குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இவ்வழியில் சென்றவர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் நம் நாட்டுக்காகக் குறி பார்த்தார். பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இலக்கு எட்டாததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கருவி எதுவாயினும், ‘எத்தனை செய்யும்?’ என்று கேட்பதற்கு முன், ‘ஒன்றைப் போல் மற்றொன்றைச் செய்யுமா?’ என்று கேட்கப் பழகுவோமாக.