ஃபார்மட் போடாமல் மதர்போர்டு மாற்றுவது

"போர்டு போயிடுச்சு சார். மாத்திட்டு ஃபார்மட் போட்டுடலாம்."

கணினி பழுது பார்க்கும் கடைகளில் இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தேதான் வரும். முதலாவது உண்மையாக இருக்கலாம். இரண்டாவது சொல்லும் வேலை இன்றைய கணினிகளில் பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. ஃபார்மட் போட்டால் படங்களையும் கோப்புகளையுமாவது பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்த தமிழ் விசைப்பலகை, கணக்கு மென்பொருள், பிரின்டர் அமைப்புகள், நிறுவல் சிடி எப்போதோ தொலைந்துபோன பழைய பில்லிங் புரோகிராம் ஆகியவற்றை அப்படி நகலெடுத்து ஒட்டிவிட முடியாது. பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைப் புதிய போர்டில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காமல் ஃபார்மட்டில் கைவைக்கவே கூடாது என்பேன்.

ஃபார்மட் போடச் சொல்லும் அறிவுரை காரணமில்லாமல் பிறந்ததல்ல. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, எந்தப் போர்டில் நிறுவினோமோ அந்தப் போர்டுக்கே பழகிப்போனது. டிஸ்க்கைக் கழற்றி வேறு போர்டில் மாட்டினால் லோகோ ஒரு கணம் தெரியும், உடனே நீலத்திரை வந்துவிடும். 7பி என்று முடியும் பிழை எண்ணோடு, தொடங்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பதே அந்தத் திரை சொல்லும் செய்தி. லோகோ வரைக்கும் எல்லாமே அந்த டிஸ்க்கிலிருந்துதானே வந்தது? பிறகு எப்படி அதே டிஸ்க்கை அணுக முடியாமல் போகும்?

இதற்கான விடையில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் வேலை செய்வது போர்டிலேயே பொதிந்திருக்கும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ மென்பொருள். டிஸ்க்கை முதலில் படிப்பதும் அதுதான். அதன் உதவியோடு விண்டோஸின் தொடக்க நிரல், கெர்னலையும் ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியையும் 'பூட் நேரத்திலேயே ஏற்ற வேண்டியவை' என்று குறிக்கப்பட்ட டிரைவர்களையும் நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கிறது. பிறகு கெர்னல் பொறுப்பேற்கிறது. அந்த நொடியிலிருந்து டிஸ்க்கைப் படிக்கப் பயாஸ் உதவாது. கெர்னல் தன் சொந்த டிரைவரைக் கொண்டுதான் படித்தாக வேண்டும். தேவையான டிரைவர் ஏற்கெனவே ஏற்றப்பட்டவற்றில் இல்லையென்றால், பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். டிரைவர் டிஸ்க்கிலேயே இருக்கிறது; அதை எடுக்க அந்த டிரைவரே வேண்டும்.

எந்த டிரைவர்களைத் தொடக்கத்திலேயே ஏற்றுவது என்பது விண்டோஸ் நிறுவும்போதே முடிவாகிவிடும். எக்ஸ்பி காலத்தில் இன்டெல், வியா, எஸ்ஐஎஸ், என்விடியா என்று சிப்செட்டுகள் பலவாக இருந்தன. டிஸ்க்கை இணைக்கும் கன்ட்ரோலரை அதன் அடையாள எண்ணை வைத்துத்தான் எக்ஸ்பி தெரிந்துகொண்டது. இன்டெல் போர்டைக் கழற்றி வியா போர்டு மாட்டினால் அந்த எண் பட்டியலில் இருக்காது. போதாததற்கு, வன்பொருளுக்கும் கெர்னலுக்கும் இடையே நிற்கும் 'ஹால்' என்ற அடுக்கிலும் பல வகைகள் இருந்தன. நிறுவும்போது அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்பி அதிலேயே நின்றுவிடும். அந்த நாட்களில் ஃபார்மட் போடச் சொன்ன மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது.

நிலைமை மாறியதற்குக் காரணம் விண்டோஸ் மட்டும் அல்ல. டிஸ்க்கோடு பேசும் முறையே பொதுவாகிவிட்டது. சாட்டா டிஸ்க்குகளுக்கான ஏஹெச்சிஐ என்ற பொது முறையை இன்டெல் 2004இல் வெளியிட்டது. எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இயின் முதல் பதிப்பு 2011இல் வந்தது. போர்டு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் கன்ட்ரோலர் இந்த முறையில் பேசினால், விண்டோஸோடு வரும் ஒரே பொது டிரைவர் போதும். ஹால் சிக்கலும் விஸ்டா காலத்திலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் டிஸ்க்கை இன்டெல் போர்டிலிருந்து ஏஎம்டி போர்டுக்கு மாற்றினால்கூட, லோகோவுக்குக் கீழே சாதனங்களைத் தயார் செய்வதாக ஒரு வரி வரும், சதவீதம் மெல்ல ஏறும், ஒன்றிரண்டு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும், பிறகு பழைய டெஸ்க்டாப் அதே ஐகான்களோடு வந்து நிற்கும். முதலில் எழுத்துகள் பெரிதாகவும் மங்கலாகவும் தெரிந்தால் பதற வேண்டாம். கிராஃபிக்ஸ் டிரைவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

நீலத்திரை இன்றும் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. பழைய போர்டில் டிஸ்க் ஐடிஇ அல்லது ரெய்டு முறையில் ஓடியிருந்து, புதிய போர்டில் ஏஹெச்சிஐ முறையில் இருந்தால் விண்டோஸ் தடுமாறும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதலான பல கணினிகளில் 'விஎம்டி' என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும்; அதற்குத் தனி டிரைவர் வேண்டும். பயாஸுக்குள் போய்ப் புதிய போர்டின் முறையைப் பழையதோடு ஒத்துப்போகச் செய்வது எளிய வழி. அது முடியாவிட்டால் சேஃப் மோடு இருக்கிறது. தொடர்ந்து சில முறை பூட் ஆகாமல் நின்றால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கிருந்து சேஃப் மோடில் ஒருமுறை ஏறினால், புதிய முறைக்கான டிரைவரை அதுவே தொடக்கப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அடுத்த முறை வழக்கம்போல ஏறிவிடும்.

டிஸ்க்கில் இல்லாமல் போர்டிலேயே தங்கிவிடும் விஷயங்கள்தான் இப்போதெல்லாம் அதிகம் தொல்லை தருகின்றன. அவற்றில் தரவையே பறித்துவிடக்கூடியது பிட்லாக்கர் குறியாக்கம். டிஸ்க்கைத் திறக்கும் சாவியை விண்டோஸ் 'டிபிஎம்' என்ற பாதுகாப்புச் சில்லின் துணையோடு பூட்டி வைக்கிறது. அது போர்டில் தனிச் சில்லாக இருக்கலாம், பிராசசருக்குள்ளேயும் இருக்கலாம். ஏஎம்டி போர்டுகள் பலவற்றில், பிராசசரை மாற்றியதும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து, பழைய டிபிஎம் தகவலை அழித்துவிடவா என்று கேட்கும். ஏதோ வழக்கமான கேள்வி என்று நினைத்து ஒய் விசையை அழுத்தி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. புதிய போர்டின் டிபிஎம்முக்குப் பழைய பூட்டைத் திறக்கத் தெரியாது. 48 இலக்க மீட்பு எண் ஒன்றை விண்டோஸ் கேட்கும். அது கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்பையும் யாராலும் மீட்க முடியாது. அந்த விஷயத்தில் இரக்கமே கிடையாது.

விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், இந்தக் குறியாக்கம் பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்கும். தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். ஹோம் பதிப்பு என்றால் செட்டிங்ஸில் சாதனக் குறியாக்கத்தை அணைத்துவிட்டு, அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள். போர்டு ஏற்கெனவே இறந்துவிட்டது என்றால், செல்போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள். மீட்பு எண் அங்கே சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸில் நுழையும் பின் எண்ணும் டிபிஎம்மோடு சேர்ந்தது என்பதால் புதிய போர்டில் அது செல்லாது. கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். அது நினைவில் இருக்கிறதா என்று முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்ற குறிப்பும் யூஇஎஃப்ஐ போர்டுகளில் போர்டின் நினைவகத்தில்தான் இருக்கும். புதிய போர்டுக்கு அது தெரியாது. ஆனாலும் டிஸ்க்கின் பூட் பகுதியில் பொதுவான பெயரில் விண்டோஸ் ஒரு பிரதியை வைத்திருக்கும். புதிய போர்டு அதைத் தேடிப் பிடித்துவிடும். மிகப் பழைய முறையில், அதாவது எம்பிஆர் அமைப்பில் நிறுவிய விண்டோஸ் என்றால் கதை வேறு. புதிய போர்டுகள் பலவற்றில் அந்தப் பழைய பூட் முறைக்கு ஆதரவே இல்லை. விண்டோஸ் 10இன் 2017 பதிப்பிலிருந்து கூடவே வரும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி, கோப்புகளை அழிக்காமலே டிஸ்க்கைப் புதிய அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கும்.

உரிமத்தைப் பொறுத்தவரை, மதர்போர்டு மாறினால் மைக்ரோசாஃப்டின் கணக்கில் அது புதிய கணினி. தனியாக விலைக்கு வாங்கிய ரீடெய்ல் உரிமம் என்றால், அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்து வைத்திருந்தால் போதும். ஆக்டிவேஷன் பக்கத்தில் வன்பொருளை அண்மையில் மாற்றியதாகத் தெரிவித்து மீட்கலாம். 2016இல் வந்த 1607 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் போர்டோடு போய்விடும். டாலி போன்ற மென்பொருள்களும் உரிமத்தை வன்பொருளோடு சேர்த்துப் பூட்டுபவை. பழைய போர்டில் கணினி ஓடும்போதே உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட வேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடே வருகின்றன. உபுண்டு, டெபியன் போன்றவை தொடக்கக் கோப்பிலேயே எல்லா வகைக் கன்ட்ரோலர்களுக்குமான டிரைவர்களைச் சேர்த்து வைக்கின்றன. ஃபெடோரா அந்தந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் சேர்க்கும். ஏறாவிட்டால் பூட் பட்டியலில் இருக்கும் 'ரெஸ்க்யூ' வரியைத் தேர்ந்தெடுக்கலாம். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கைவேலையில் இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். ஏஎம்4 வகைப் போர்டில் பிராசசரின் அடியில்தான் ஊசிகள் இருக்கும். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கணினி இன்னும் ஓடுகிறது என்றால் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். அடுத்தது, கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள். பழைய போர்டு பெரிதாகவும் புதியது சிறிதாகவும் இருந்தால், துளையில்லாத இடத்தில் ஒரு கால் எஞ்சி நின்று போர்டின் பின்புறத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். அந்தக் காலைக் கழற்றிவிடுங்கள்.

விண்டோஸ் ஏறியதும் புதிய போர்டின் சிப்செட், நெட்வொர்க் டிரைவர்களைப் போட்டு, பழைய போர்டு நிறுவனத்தின் கருவி மென்பொருள்களை நீக்கிவிடலாம். கடையில் நிலையான ஐபி எண் வைத்திருந்தால், அந்த எண் வேறொரு கார்டுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதாக விண்டோஸ் சொல்லும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லிப் பழைய கார்டை அழித்தால் சரியாகும். இத்தனைக்குப் பிறகும் அடிக்கடி உறைந்து நின்றால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே நிறுவல் பென் டிரைவின் செட்டப்பை இயக்கி, கோப்புகளையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுங்கள். விண்டோஸ் மட்டும் புதிதாகும், மற்றவை அப்படியே இருக்கும்.